திங்கட்கிழமைத் துணி

கோர்ஸ்லா, டர்ஹாம்
8 மார்ச் 1965

அன்புள்ள தம்பி கட்பர்ட்டுக்கு,

அக்கா தெர்ஸா எழுதுவது. நானும் உன் அத்தான் நெட்டும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். அத்தானுடைய இருமலும் குறையில்லாமல் இருக்கிறது. நாட்டிங்ஹாம் பக்கத்துச் சுரங்கம் உனக்கு ஒத்துக்கொள்கிறதா, தங்கியிருக்கும் வீட்டுக்காரி சூடாக ஏதாவது போடுகிறாளா என்று மறைக்காமல் எழுது.

விஷயம் இதுதான். நம் ஸ்டேஷனை இடிக்கப் போகிறார்கள். சுரங்கத்தை மூடியதோடு கரி வண்டியும் நின்றுபோனது உனக்குத் தெரியும். இப்போது தெற்கேயிருந்து தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டே வருகிறார்கள். நம் ஊரை எட்டும்போது ஸ்டேஷனையும் தரைமட்டமாக்கிவிடுவார்களாம். "உபயோகமற்ற கட்டடம்" என்று மாவட்ட ஆபீசிலிருந்து கடுதாசி வந்திருக்கிறது.

உபயோகமற்றதா? தொழிலாளர் மன்றத்தின் கூரை விழுந்துவிட்டது. தேவாலயத்தை விற்றுவிட்டார்கள், அதில் இப்போது ஒருத்தன் டயர் அடுக்கி வைத்திருக்கிறான். சங்கப் பதாகை இருப்பது ஸ்டேஷன் வெயிட்டிங் ரூமில். பேண்டு வாத்தியம் பழகுவது டிக்கெட் அறையில். போன மாதம் கிழவர் ராப்சன் செத்தபோது பெட்டியை வைத்துப் பாடியதும் அங்கேதான். அதுவும் போனால் இந்த ஊரில் நாலு பேர் சேர்ந்து நிற்க ஒரு கூரை கிடையாது. அவர்களுக்கு வேண்டியதும் அதுதான். நாலு பேர் சேர முடியாத ஊரைக் காலி பண்ணுவது சுலபம். ஆளுக்கொரு பக்கமாகப் புது நகரத்துக்கு மூட்டை கட்டிவிடுவோம் என்று கணக்குப் போடுகிறார்கள்.

பிரென்டிஸ் என்று ஓர் அதிகாரி வந்தார். பளபளவென்று ஷூ, நம் ஊர்ச் சேற்றில் கால் வைக்கக் கூசிக்கொண்டு நின்றார். "இந்தக் கட்டடத்துக்கு ஏதாச்சும் சரித்திரம் இருந்தா சொல்லுங்க மிஸஸ் ஹெப்பிள், மேலிடத்துல பேசிப் பாக்கறேன்" என்றார். "சரித்திரமா? உங்க ஆபீசவிட இதுக்கு நிறைய இருக்கு" என்றேன்.

நீதான் அம்மாவின் செல்லப்பிள்ளை. ஸ்டேஷன் வந்த கதையை உன்னிடம்தான் அதிகம் சொன்னாள். நினைவில் இருக்கிறபடி எழுதி அனுப்பு.

உன்மேல் எப்போதும் பிரியமும் அவ்வப்போது கோபமும் உள்ள,
தெர்ஸா


ஹாலம்வுட், நாட்டிங்ஹாம்
28 மார்ச் 1965

அன்புள்ள அக்கா,

கடிதம் கிடைத்தது. அத்தானைக் காற்றாடப் போகச் சொல். நான் சௌக்கியம். இங்கே சாப்பாட்டுக்குக் குறைவில்லை, ருசிக்குத்தான் குறைவு. கையில் சின்னதாக ஓர் அடி, அதனால் கையெழுத்து கோணலாக இருக்கும். ஒன்றும் பெரிதில்லை.

அம்மா சொன்னது இது. அப்போது அவளுக்கு ஏழு வயது. ரயில் நம் ஊர் வழியாகத்தான் போகும், ஆனால் நிற்காது. கரியும் போகும், டவுனுக்குப் போகிற சீமான்களும் போவார்கள். லூக் சர்ட்டீஸ் என்பவருடைய காலில் சுரங்கப் பாறை விழுந்தபோது, ஆஸ்பத்திரிக்குப் போக வண்டியை நிறுத்தச் சொல்லிக் கைகாட்டினார்கள். நிற்கவில்லை. குதிரை வண்டியில் போட்டுக்கொண்டு போனார்கள், பாதி வழியில் உயிர் போய்விட்டது.

அடுத்த திங்கட்கிழமை அவர் மனைவி ஹன்னா, அவர் செத்த போர்வையைத் துவைத்தாள். கொல்லைச் சந்தில் காயப்போடவில்லை. நேரே போய்த் தண்டவாளத்துக்குக் குறுக்கே கயிறு கட்டிப் போட்டாள். அதைப் பார்த்து மற்ற பெண்களும் துணிக் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். துணிமாட்டும் கிளிப்புப் பையைச் சுமந்தவள் அம்மா.

வண்டி வந்தது. டிரைவர் பக்கத்துச் சுரங்க ஊர்க்காரன், திங்கட்கிழமை ஊரே துவைக்கிற நாள், காயும் துணியை யாரும் தொடக் கூடாது என்று வளர்ந்தவன். திங்கட்கிழமைத் துணிக்குள் எவன் வண்டியை விடுவான்? நிறுத்திவிட்டு இறங்கி வந்தான்.

"யாரும்மா துணி இது? எடுங்க."

"காயலை" என்றாள் ஹன்னா.

"எப்பக் காயும்?"

"வண்டி இங்க நிக்கும்னு எழுத்துல குடுத்தா காஞ்சிரும்."

சாயங்காலத்துக்குள் பின்னால் எத்தனை வண்டிகள் முடங்கினவோ, கம்பெனிக்காரனே ஓடிவந்தான். எழுத்திலும் கொடுத்தான். பிளாட்பாரத்துக்குக் கல் சுமந்ததும் நம் ஆட்கள்தான்.

கதை நல்ல கதை. ஆனால் அக்கா, கதையை வைத்துக் கூரையைத் தாங்க முடியுமா? அவர்கள் இடிக்க நினைத்தால் இடிப்பார்கள். மனசைப் போட்டு உழப்பாதே.

அன்புடன்,
கட்பர்ட்


கோர்ஸ்லா
25 ஏப்ரல் 1965

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். உன் கை ஆறியதா? "சின்னதாக ஓர் அடி" என்று சுரங்கக்காரன் எழுதினால் எந்த அளவு சின்னது என்று எனக்குத் தெரியாதா? அதைப் பற்றி விவரமாக எழுது.

உன் கடைசி வரிகளை அத்தானுக்குப் படித்துக் காட்டவில்லை. "மனசைப் போட்டு உழப்பாதே" என்று ஹன்னா சர்ட்டீஸிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். அவள் என்ன பதில் சொல்லியிருப்பாளோ, அதையே உனக்கும் வைத்துக்கொள்.

கதையை எடுத்துக்கொண்டு மாவட்ட ஆபீசுக்குப் போனேன். வின்னி ஜோப்லிங்கும் கூட வந்தாள். பிரென்டிஸ் ஒரு தடிப் புத்தகத்தைத் திறந்து படித்தார். சுரங்க முதலாளி, தம் மனைவி பூக்கண்காட்சிக்குப் போய்வர வசதியாக இந்த ஸ்டேஷனைக் கட்டிக் கொடுத்தாராம். கருணை உள்ளமாம்!

"நீங்க சொல்றதுக்கு எழுத்துல ஆதாரம் இல்லையே" என்றார்.

வின்னி விட்டாளா? "ஏந்தம்பி, உங்க அம்மா உங்களைப் பெத்ததுக்கு நீங்க ஆதாரம் கேட்டீங்களா? சொன்னாங்க, நம்பினீங்க இல்ல?" என்று கேட்டாள். அறை முழுக்க டைப் அடித்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவருக்குக் காது வரை சிவந்துபோனது. ஆனாலும் புத்தகத்தை மூடியவர் மூடியவர்தான்.

பூக்கண்காட்சி! தோற்றது கூட எனக்குப் பெரிதில்லை தம்பி. அந்தப் பூவை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. அம்மாவின் கையில் இருந்த கிளிப்புப் பையை அந்தச் சீமாட்டியின் பூக்கூடையாக மாற்றிவிட்டார்கள். நான் உயிரோடு இருக்கும்வரை அந்தக் கட்டடத்தின்மேல் ஒருவன் கை வைக்க முடியாது.

உடனே பதில் போடு.

தெர்ஸா


மிஸஸ் பைபஸ் வீடு, டார்லிங்டன்
30 மே 1965

அன்புள்ள அக்கா,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். மேலே கண்ட விலாசத்துக்கு எழுது. கொஞ்ச நாள் சுரங்கத்தைவிட்டு வெளிக்காற்றில் வேலை செய்யலாம் என்று தோன்றியது. கை ஆறிவிட்டது. அத்தான் எப்படி?

இங்கே வெயில் நன்றாக இருக்கிறது. மிஸஸ் பைபஸ் வீட்டு ரொட்டி பரவாயில்லை.

நம் பக்கத்தில் தண்டவாளம் எதுவரை எடுத்திருக்கிறார்கள்? சும்மாதான் கேட்கிறேன்.

அன்புடன்,
கட்பர்ட்


கோர்ஸ்லா
20 ஜூலை 1965

அன்புள்ள தம்பிக்கு,

டார்லிங்டனில் கடவுள் நிலக்கரியை வைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அங்கே என்ன வேலை என்று நீ எழுதவில்லை. நானும் கோபத்தில் இத்தனை நாள் எழுதவில்லை. கணக்குச் சரி. நாங்கள் சுகம், நீயும் சுகமாக இரு.

சனிக்கிழமை டர்ஹாமில் சுரங்கத் தொழிலாளர் திருவிழா. உனக்குத் தெரியும், ஸ்டேஷனை மூடிய பிறகும் வருஷத்தில் அந்த ஒரு நாள் மட்டும் நமக்கென்று வண்டி வந்து நிற்கும். அதையும் நிறுத்தியபின் ஊர்க்காரர்கள் தனித்தனியாகப் பஸ் பிடித்துப் போய்க்கொண்டிருந்தார்கள். இந்த வருஷம் நான் விடவில்லை. "வண்டி வராட்டி என்ன, வழி இருக்கு இல்ல?" என்று கேட்டேன். காலையில் பிளாட்பாரத்தில் கூடினோம். பதாகையை விரித்தோம். பேண்டு முன்னால், நாங்கள் பின்னால், தண்டவாளப் பாதையிலேயே நடந்து போனோம். அத்தான் பதாகைக் கழியை விடமாட்டேன் என்று பாலம் வரைக்கும் சுமந்தார். அங்கே இருமல் வந்து உட்கார்ந்த பிறகும் கழியை மட்டும் கொடுக்கவில்லை.

பாலத்துக்கு அந்தப் பக்கம் தண்டவாளம் பிடுங்குகிற ஆட்கள் வேலையில் இருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் வேலையை நிறுத்தித் தொப்பியைக் கழற்றினார்கள். மஞ்சள் புல்டோசரில் உட்கார்ந்திருந்த ஒருவன் மட்டும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். வின்னி என் விலாவில் இடித்தாள்.

"ஏ தெர்ஸா, அந்தக் காது உங்க வீட்டுக் காது இல்ல?"

"போடி, இந்த மாவட்டத்துல பாதிப் பேருக்கு அந்தக் காதுதான்" என்று சொல்லிவிட்டேன்.

அப்படித்தானே தம்பி?

தெர்ஸா


பிஷப் ஆக்லண்ட்
8 ஆகஸ்ட் 1965

அன்புள்ள அக்கா,

நலம். விலாசம் மறுபடி மாறியிருக்கிறது, பின்பக்கத்தில் இருக்கிறது. பதாகையோடு நடந்ததைப் படித்துச் சந்தோஷப்பட்டேன். காதைப் பற்றி நீ வின்னிக்குச் சொன்னது சரி.

ஒன்று கேட்க வேண்டும். ஊரில் இன்னும் திங்கட்கிழமைதான் துவைக்கிறீர்களா? இப்போதெல்லாம் மெஷின் வந்துவிட்டதாமே, நினைத்த நாளில் துவைக்கிறார்களாமே.

அத்தானுக்கு என் வணக்கம்.

கட்பர்ட்


கோர்ஸ்லா
15 ஆகஸ்ட் 1965

கட்பர்ட்டுக்கு,

அன்பும் நலமும் இந்த முறை வேண்டாம்.

அத்தான் சொல்லாமல் கிளம்பிப் பாலத்தைத் தாண்டிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மூன்றாம் நாள் சொன்னார். மஞ்சள் புல்டோசரில் இருந்தது நீதான். இடது கையால் ரொட்டி தின்றுகொண்டிருந்தாயாம். வலது கையில் இரண்டு விரல் இல்லையாம்.

விரல் போனதைச் சொல்லவில்லை. அதனால் சுரங்கத்தில் வேலை போனதைச் சொல்லவில்லை. பிழைப்புக்கு எந்த வேலை கிடைத்ததோ அதற்குப் போனாய், அதைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். விரல் இல்லாதவனுக்கு யார் வேலை கொடுக்கிறார்கள்? ஆனால் நான் மார்ச் மாதத்திலிருந்து உனக்கு என் நெஞ்சைப் பிழிந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். நீயோ முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு, "எதுவரை எடுத்திருக்கிறார்கள், சும்மாதான் கேட்கிறேன்" என்று எழுதுகிறாய். சும்மாவா?

அம்மா கல் சுமந்த கூட்டத்தில் பிறந்தவள். அவள் பெற்றவன் அந்தக் கல்லைப் பெயர்க்க வருகிறான். வா. வந்து பார்.

நீ கேட்டதற்குப் பதில்: ஆமாம், திங்கட்கிழமைதான். உலகமே மெஷின் வாங்கட்டும். இந்த ஊரில் திங்கட்கிழமை காலையில் தொட்டியில் துணி குத்தும் கட்டை இறங்கும், மதியம் ஆறிப்போன ஞாயிற்றுக் கறியைத் தின்போம், துணி காயும் கொல்லைச் சந்தில் ஒரு குழந்தைகூடச் சைக்கிள் விடாது. நீ மறந்துவிட்டாய் என்றுதானே கேட்கிறாய். நாங்கள் மறக்கவில்லை.

தெர்ஸா ஹெப்பிள்


கோர்ஸ்லா
12 செப்டம்பர் 1965

கட்பர்ட்டுக்கு,

நீ பதில் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. இதையும் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். அத்தான்தான், "ஒரு வார்த்தை சொல்லிடு தெர்ஸா, அப்பறம் நெஞ்சுல நிக்கும்" என்றார்.

நேற்று ஸ்டேஷன் கதவில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். இடிப்பது செப்டம்பர் இருபது. திங்கட்கிழமை! வின்னி அதைப் படித்துவிட்டுப் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்து சிரித்தாள். எந்த ஊர் மடையன் நாள் குறித்தானோ, அவன் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும்.

எல்லார் வீட்டுக் கயிறும் சேர்த்தாயிற்று. ஸ்டேஷன் தூணிலிருந்து எதிர்ப்பக்கத்து வேலி வரைக்கும், சிக்னல் கம்பத்திலிருந்து தண்ணீர்த்தொட்டி வரைக்கும் கட்டப் போகிறோம். நடுக் கயிற்றில் அம்மாவின் போர்வையைப் போடப் போகிறேன். நீ சின்ன வயதில் ஜன்னி கண்டபோது உன்னைச் சுற்றி வைத்திருந்தாளே, அந்த வெள்ளைப் போர்வை. அதன்மேல் உன்னால் வண்டியை விட முடியுமானால் விடு. நான் அதன் பின்னாலேயே கயிற்றைத் தாங்கும் முட்டுக்கழியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தெர்ஸா


பிஷப் ஆக்லண்ட்
15 செப்டம்பர் 1965

அன்புள்ள அக்கா,

கடிதம் கிடைத்தது. நலம். திங்கட்கிழமை மழை இல்லை, நல்ல காற்று அடிக்கும் என்று ரேடியோவில் சொல்கிறார்கள்.

கட்பர்ட்


கோர்ஸ்லா
26 செப்டம்பர் 1965, ஞாயிறு

என் அன்புத் தம்பி கட்பர்ட்டுக்கு,

இந்தக் கடிதம் உன்னை அந்த விலாசத்தில் பிடிக்குமா தெரியவில்லை. எங்கே இருந்தாலும் நீ நன்றாக இரு. சாப்பிட்டாயா? அந்த இரண்டு விரல் போன கை குளிரில் வலிக்கிறதா? இதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் எழுது.

திங்கட்கிழமை நீ அங்கேதான் இருந்தாய். ஆனால் துணிக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் என்ன நடந்தது என்று நான் சொல்கிறேன்.

விடியும் முன்பே துவைத்துவிட்டோம். நீ சொன்ன காற்று அப்படியே அடித்தது. ஊர்த் துணி முழுக்க உப்பிக்கொண்டு நின்றது. போர்வைக்குப் பின்னால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, சத்தம் மட்டும்தான். புல்டோசர் உறுமிக்கொண்டு வந்தது. ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன் தம்பி. வெளியில் சொல்லாதே. முட்டுக்கழியை மட்டும் விடவில்லை.

சத்தம் கிட்டே வந்தது. நின்றது.

"என்ன நிறுத்திட்டே? விடு வண்டியை!" உங்கள் மேஸ்திரியின் குரல். லண்டன் பக்கத்து ஆள் என்று பேச்சிலேயே தெரிந்தது.

"சார், துணி காயப்போட்டிருக்காங்க."

உன் குரல். மூன்று வருஷத்துக்கப்புறம் கேட்கிறேன்.

"துணிதானே? ஏறிப் போ!"

"இது திங்கக்கிழமைத் துணி சார்."

"அதனால என்னடா?"

"ஈரமா இருக்கு."

யாரோ கெக்கெக்கே என்று சிரித்தார்கள். மேஸ்திரி மற்றவர்களிடம் கயிற்றை அறுக்கச் சொன்னார். ஒருத்தனும் அசையவில்லை. ஒருவன், "எங்கம்மாவும் இன்னிக்குத்தான் சார் துவைக்குது. நான் இதை அறுத்தேன்னு தெரிஞ்சா எனக்கு வீட்டுல சோறு கிடையாது" என்றான். பிறகுதான் மேஸ்திரி உன்னைப் பார்த்துக் கத்தினார். அந்த வார்த்தை இன்னும் என் காதிலேயே இருக்கிறது.

"டேய், நாள் குறிச்சதே நீதானேடா! இந்த ஊர்க்காரன் ஆச்சே, எந்த நாள் வந்தா தொந்தரவு இருக்காதுன்னு உன்னைக் கேட்டேன் இல்ல? திங்கக்கிழமை வாங்க சார், பொம்பளைங்க எல்லாம் துவைக்கிற வேலையில இருப்பாங்க, ஒருத்தியும் தலை காட்ட மாட்டான்னு சொன்னது யாரு?"

"துவைக்கிற வேலையிலதான் சார் இருக்காங்க" என்றாய் நீ.

நான் கழியைப் பிடித்துக்கொண்டே அழுதுவிட்டேன். ஆகஸ்டில் நீ ஏன் துவைக்கிற நாளைக் கேட்டாய் என்று அப்போதுதான் உறைத்தது. ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா? கூடாதுதான். சொல்லியிருந்தால் நான் அன்று சாயங்காலத்துக்குள் வின்னியிடம் சொல்லியிருப்பேன், வின்னி மாவட்டத்துக்கே சொல்லியிருப்பாள். அக்காவின் வாயை அளந்து வைத்திருக்கிறாய்.

மேஸ்திரி உன்னை அங்கேயே வேலையைவிட்டு நிறுத்தியதும் கேட்டது. நான் கழியை வின்னியிடம் கொடுத்துவிட்டு, ஈரத் துணிக்குள் முட்டி மோதிக்கொண்டு வெளியே வந்தபோது, நீ பாலத்துப் பக்கம் பாதி தூரம் போய்விட்டாய். கூப்பிட்டேன். காற்று அந்தப் பக்கம் அடிக்கவில்லை.

மேஸ்திரி என்னிடம் வந்தார். "எப்பம்மா காயும் இது?"

எத்தனை மாதமாக இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன் தெரியுமா? "ஸ்டேஷன் இங்கயே நிக்கும்னு எழுத்துல குடுத்தா காஞ்சிரும்" என்றேன். பின்னால் இருந்த பெண்கள் எல்லாரும் ஒன்றாகக் கூச்சல் போட்டார்கள்.

மறுநாள் வந்தார்கள். செவ்வாய்க்கிழமை இந்த ஊரில் யாரும் துவைத்ததில்லை. துவைத்தோம். புதனும் துவைத்தோம். அழுக்குத் துணி தீர்ந்ததும் சுத்தமான துணியைத் துவைத்தோம். திரைச்சீலை, மேஜைவிரிப்பு, அத்தானின் ஞாயிற்றுக்கிழமைக் கால்சட்டை, எல்லாம். கடையில் சோப்பு தீர்ந்துவிட்டது. பத்திரிகைக்காரர்கள் வந்து படம் பிடித்தார்கள், அதில் வின்னியின் உள்பாவாடை பெரிதாக விழுந்திருக்கிறது. அவள் அதை வாசலில் ஒட்டி வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை மேஸ்திரிக்கு வேறு ஊரில் வேலை வந்துவிட்டது. தண்டவாளத்தை எடுத்துக்கொண்டு போகட்டும் என்று வழிவிட்டோம், வண்டி வராத இரும்பு நமக்கெதற்கு? கட்டடத்தைத் தொடவில்லை.

நேற்று பிரென்டிஸே வந்தார், இந்த முறை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு. இடிக்கும் உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்ட கடுதாசியைக் கையில் கொடுத்தார். அது எழுத்தில்தான் இருக்கிறது. தயங்கித் தயங்கி, "அந்தப் புத்தகத்துல இருக்கிற பூக்கண்காட்சி விஷயத்தை மறுபடி பாக்கச் சொல்லியிருக்கேன்" என்றார். டீ கொடுத்தேன்.

இனி உன் விஷயம். உனக்கு வேலை இல்லை, எங்களுக்கு வெயிட்டிங் ரூம் கூரையில் ஒழுகுகிறது. உன் பழைய அறை அப்படியேதான் இருக்கிறது. ஆகஸ்டில் நான் எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. அடுத்த திங்கட்கிழமைக்குள் வந்து சேர். துவைத்துக்கொண்டு வராதே. அழுக்குச் சட்டைகளோடு வா.

உன்னைப் பெற்றவளின் இடத்தில் நின்று,
அக்கா தெர்ஸா


பிஷப் ஆக்லண்ட்
30 செப்டம்பர் 1965

அன்புள்ள அக்கா,

நலம். குளிரில் கை வலிக்கத்தான் செய்கிறது. சாப்பிடுகிறேன், ஆனால் உன் சமையல் மாதிரி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். பஸ் வேண்டாம், தண்டவாளம் எடுத்த பாதையிலேயே நடந்து வந்துவிடுகிறேன். அந்த வழியை நானே சமப்படுத்தியிருக்கிறேன், நடக்க நன்றாக இருக்கும்.

வரும்போது சோப்பு வாங்கி வருகிறேன்.

கட்பர்ட்